தாய்மொழிக் கட்டம்

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். வானம் மூடிக்கிடந்தது. குடையை விரித்தால் நின்று, மடக்கினால் தொடங்குகிற தூறல். திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில், முதியோருக்கான ஏதோ ஓர் அட்டைக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர் முடித்துப் போயிருந்தார்கள். பின்னால் பதினான்கு பேர் நின்றார்கள். கணினியில் தட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டாள். டக் டக்கென்று சொன்னேன்.

"தாய்மொழி?" என்றாள்.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"தாத்தா, தாய்மொழி சொல்லுங்க. இதுல யோசிக்கிறதுக்கு இன்னா கீது?"

வரிசையை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். என்னையும் மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள். அவளாகவே ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். எதைத் தட்டினாள் என்று பார்க்க எனக்குத் துணிவில்லை. மொத்தம் பதினொரு நொடி. 1973-இல் இதே கேள்விக்கு எனக்குப் பதினொரு நாள் ஆனது.

அந்தக் கடை வாசலில் கால் துடைக்க ஒரு கோணியைப் போட்டிருந்தார்கள். நனைந்த கோணியின் வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாதி சணல், பாதி எலி. எனக்கு அந்த வாசனை என்றால் நைனாவின் கடைதான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மழைக்காலத்தில் கடையின் முன்பக்கம் கோணிப் படுதா ஒன்று தொங்கும். மலைப்படிக்குப் போகிற தெருவில் இடது கைப்பக்கம் வரிசையாகப் பதினெட்டு பூஜைச் சாமான் கடைகள். பதினெட்டாவது எங்களுடையது, அதைத் தாண்டினால் முதல் படி. படிகள் முந்நூற்று அறுபத்தைந்து என்று ஊரே சொல்லும். நான் நாற்பது தடவைக்கு மேல் எண்ணியிருக்கிறேன். ஒரு தடவையும் அந்த எண் வந்ததில்லை. படிகளைக் குறை சொல்லமாட்டேன், பாதியில் யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்கள்.

அந்தத் தெருவில் வியாபாரம் என்றால் கூப்பிடுவதுதான். திருப்பதி பஸ்ஸில் வந்தவர்கள் பாதி, அரக்கோணத்தில் மாறி ரயிலில் வந்தவர்கள் பாதி. தெலுங்குக்காரரைத் தமிழில் கூப்பிட்டால் காதில் விழாதது போலப் போய்விடுவார். அவர் பேச்சிலேயே கூப்பிட்டால் கால் அரை நொடி தயங்கும். அந்த அரை நொடியில்தான் எங்கள் சோறு இருந்தது. ஆகவே ஆள் பத்தடி தூரத்தில் வரும்போதே இவர் என்ன பேச்சு என்று முடிவு செய்தாக வேண்டும். மூக்குத்தி எந்தப் பக்கம், துணிப்பையில் அச்சடித்த எழுத்து எது, துண்டை எப்படிப் போட்டிருக்கிறார், குழந்தையை என்ன சொல்லி அதட்டுகிறார் என்று நூறு அடையாளம். விடுமுறை நாட்களில் நான் கடை முன் நின்று கூப்பிடுவேன். ஒரு கிருத்திகையன்று எண்ணிப் பார்த்தேன். நூறு பேரில் தொண்ணூற்றொரு பேரைச் சரியாகச் சொல்லியிருந்தேன். முதல் கடையில் நின்ற என் வகுப்புத் தோழன் ஏகாம்பரம் எழுபதைத் தாண்டியதில்லை. ஆனால் அவன் தொண்டைக்கு என்னைப் போல இரண்டு மடங்கு தேங்காய் விற்றது. இது எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

நைனா தவறியதே இல்லை. அவர் ஆளைக் காலிலிருந்து பார்த்துக்கொண்டு வருவார். முகத்துக்குக் கடைசியில்தான் வருவார், பல சமயம் வரவே மாட்டார். அதற்குள் முடிவாகிவிடும். வருடத்துக்கு ஒன்றிரண்டு பேர் பிடிபடாமல் போவதுண்டு. அப்போது எந்தப் பேச்சிலும் கூப்பிடமாட்டார். இரண்டு தேங்காயை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார், டொக், டொக். வந்தவர் தானாக விலை கேட்பார். கேட்டால் தெரிந்துவிடும்.

ஊரார் யார் எவர் என்று பத்தடியில் சொல்லத் தெரிந்த எனக்கு, நான் யார் என்று சொல்லத் தெரியவில்லை. சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது. பதினாறு வயதில் வரவில்லை. குரல் உடைந்து, ஒரு வாக்கியத்துக்குள் மூன்று பேர் பேசினார்கள். கையெழுத்தை ஏழு விதமாகப் போட்டுப் பழகினேன், ஒன்றும் ஒட்டவில்லை. முடியை நாலரை மாதம் வெட்டாமல் காதை மூட விட்டிருந்தேன். என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. பள்ளியில் ஒரு பையன், கடையில் ஒரு பையன், வீட்டில் ஒரு பையன். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடிச் செருப்பு. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து கடைக்கு எண்ணூற்றுப் பதினாறு தப்படி. காரணமே இல்லாமல் அதை ஒரே நாளில் நான்கு தடவை நடந்திருக்கிறேன்.

நைனா அம்மையார்குப்பத்துத் தறிக்காரக் குடும்பம். தறி பிடிக்காமல் கடை வைக்க வந்தவர். அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. அம்மா அரக்கோணம் பக்கம், தமிழ். நைனா என்னிடம் தெலுங்கில்தான் பேசுவார், அம்மா தமிழில். அம்மாவுக்குத் தெலுங்கு முழுக்கப் புரியும், ஆனால் ஒரு வார்த்தை பேசமாட்டாள். நான் பிறந்தபோது ஊர் ஆந்திராவில் இருந்தது. எனக்கு மூன்று வயதானபோது எல்லையை மாற்றிப் போட்டதில் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. எங்கள் வீட்டு அம்மிகூட ஓர் அங்குலம் நகரவில்லை.

எஸ்.எஸ்.எல்.சி. அப்போது பதினோராம் வகுப்பில். நவம்பர் 24, சனிக்கிழமை, எங்கள் வகுப்பாசிரியரான கணக்கு வாத்தியார் தேர்வுக்கான படிவத்தைக் கொடுத்தார்.

"டிசம்பர் நாலாந்தேதிக்குள்ள வந்து சேரணும். இதுல எழுதறதுதான் எஸ்.எஸ்.எல்.சி. புக்குல ஏறும். ஏறிடுச்சின்னா சாவற வரைக்கும் மாத்த முடியாது. வூட்ல கேட்டு எழுதுங்கடா."

சாகிற வரைக்கும் என்ற வார்த்தை மற்ற நாற்பத்தொரு பேருக்கும் காதோடு போயிற்று. எனக்குக் காதிலேயே தங்கிவிட்டது. படிவத்தில் பதினோராவது கட்டம், தாய்மொழி. ஒரு வார்த்தைக்குத்தான் இடம். எதை எழுதினாலும், வீட்டில் ஒருவர் எனக்கு ஒன்றுமில்லை என்று சாகும்வரை எழுதி வைப்பதாகத் தோன்றியது. நாலு நாள் படிவத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஐந்தாம் நாள் சாப்பிடும்போது கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தெலுகு. இத போயி கேக்கறியே" என்றார் நைனா, தெலுங்கில்.

"இன்னாத்துக்கு?" என்றாள் அம்மா. "தாய்மொழின்னுதானே போட்டுக்கீது? தகப்பன்மொழின்னா போட்டுக்கீது? பெத்தவ நானு."

"நீ எங்க வூட்டுக்கு வந்தப்பறம் உன் பேச்சும் எங்க பேச்சுதான்."

"இருவது வருசமா உங்க வூட்ல கீறேன். ஒரு வார்த்த தெலுகு பேசி கேட்டுக்கீறீங்களா?"

"அதாம்மே உன் கொழுப்பு."

"ஆங், கொழுப்புதான். அந்தக் கொழுப்புலதான் இவனுக்குப் பாலு குடுத்தேன்."

அன்றிலிருந்து ஆறு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. "உங்க நைனாவ துன்ன வர சொல்லு" என்பாள் அம்மா. இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் நைனாவிடம் நான் அதைத் தெலுங்கில் சொல்வேன். பசியில்லை என்பார் தெலுங்கில். நான் அம்மாவிடம் தமிழில் சொல்வேன். இப்படி முப்பத்தொரு செய்தி. ஒரு தடவை தடுமாறி, நைனாவிடம் தமிழிலும் அம்மாவிடம் தெலுங்கிலும் சொல்லிவிட்டேன். இருவரும் ஒரே மாதிரி முறைத்தார்கள். அந்த ஆறு நாளில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு முறைப்பில்தான்.

இல்லை, இன்னொன்றிலும் ஒத்துப்போனார்கள். என் தலைமுடி விஷயத்தில். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு டைபாய்டு வந்து இருபத்தொரு நாள் கிடந்தபோது, பிழைத்தால் மொட்டை அடிப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். நான் மூன்று தடவை தள்ளிப்போட்டிருந்தேன். பரீட்சை வருடம், இனிமேல் தள்ளினால் முருகன் சும்மா இருக்கமாட்டான் என்றாள். நைனாவும் தலையை ஆட்டினார். டிசம்பர் நாலு, செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தார்கள். படிவத்துக்கும் அதுதான் கடைசி நாள். இந்தத் தடவை நானும் ஒத்துக்கொண்டேன். அன்று பள்ளிக்குப் போகவேண்டாம், படிவத்துக்கு இன்னும் ஒரு நாள் கிடைக்கிறதே என்று இருந்தது.

மலையடிவாரத்தில், குளத்துக்குப் பக்கத்தில் முடி இறக்குகிற இடம். "தலைய ஆட்டாத சாமி" என்று சொல்லிச் சொல்லி ஆறு நிமிடத்தில் வழித்துவிட்டார் அந்த மனிதர். நாலரை மாதம் ஆறு நிமிடத்தில் மடியில் கிடந்தது. குளித்து, புது வேட்டி கட்டி, மஞ்சள் நனைத்த துண்டு போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு நின்றேன். அம்மாவுக்கு முழங்கால் வலி.

"நா மெதுவா படி ஏறிக்கினு இருக்கேன். நீ தேங்கா வாங்கிக்கினு வா" என்று ஒரு ரூபாயை நீட்டினாள்.

"நம்ம கடையிலயே எடுத்துக்கினு வரேனே."

"அந்தக் கடையாண்ட போவாத. காசு குடுத்து வேற எங்கனா வாங்கு."

தேங்காய்க் கடைக்காரரின் மனைவி தேங்காய்க்குக் காசு கொடுத்து அனுப்பினாள் என்றால் வீட்டில் நிலைமை எப்படி இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தெருமுனையில் ஏகாம்பரம் நின்றிருந்தான். அவனும் ஏதோ சாக்குச் சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போட்டிருந்தான். தினமும் என் ஜாமெட்ரி பாக்ஸைக் கடன் வாங்குகிறவன். மொட்டையைப் பார்த்துக் கத்தப்போகிறான் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரா பாபூ, ரா! டெங்காய, கர்பூரம் தீஸ்கோ!" என்றான்.

நான்கடி தூரம். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். வேட்டியும் சந்தனமும் வெறுங்காலுமாக நான் புத்தூரிலிருந்தோ நகரியிலிருந்தோ வந்த யாரோ ஆகிவிட்டிருந்தேன். இரண்டாவது கடையில், "வாங்க சாமி, தேங்கா பழம் பூ" என்று தமிழில் கூப்பிட்டார்கள். அந்தக் கடைக்காரர் நான் தவழ்ந்ததைப் பார்த்தவர்.

யாராகவும் இல்லாமல் நடப்பது இவ்வளவு லேசாக இருக்கும் என்று அதுவரை தெரியாது. மூன்றாவது கடைக்குள் எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. எந்தப் பேச்சில் அதிகம் பேர் கூப்பிடுகிறார்களோ அதைக் கட்டத்தில் எழுதிவிடுவது. ஆளைப் பார்த்துப் பேச்சைச் சொல்வதுதானே இவர்கள் தொழில்? என்னைத் தெரியாதவர்களாக, எனக்காகவோ அம்மாவுக்காகவோ நைனாவுக்காகவோ இரக்கப்படாதவர்களாகச் சொல்லட்டும். தெலுங்குக்கு வலக்கை விரல்கணு, தமிழுக்கு இடக்கை விரல்கணு என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். ஆறாவது கடையில் வலக்கை முந்தியது. ஒன்பதாவதில் இடக்கை. பதினொன்றாவது கடைக்காரர் தினசரியை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பதினேழாவது முடிந்தபோது தெலுங்கு எட்டு, தமிழ் எட்டு, தூக்கம் ஒன்று.

மிச்சம் ஒரே ஒரு கடை. அம்மா போகாதே என்ற கடை. தவறியே இராத கண்.

நைனா என்னை அடையாளம் கண்டுவிடுவார், அப்படிக் கண்டுவிட்டால் இந்தத் தீர்ப்பு செல்லாது என்று ஒரு பக்கம் பயம். கண்டுவிடவேண்டும் என்று இன்னொரு பக்கம். தூறலுக்காகக் கோணிப் படுதாவை இறக்கிவிட்டிருந்தார். அதற்குக் கீழே என் கால் தெரிந்திருக்கும். பிறகு வேட்டி, துண்டு. படுதாவை ஒரு கையால் விலக்கினார். பார்வை என் மார்பு வரை ஏறியது. நின்றது. அவர் உதடு திறக்கப் பார்த்தது, திறக்கவில்லை.

இரண்டு தேங்காயை எடுத்துத் தட்டினார். டொக், டொக்.

அப்படியே நின்றேன். தெருவே பார்த்துச் சொல்லிவிடும் என்று நினைத்த ஒன்றை, ஊரிலேயே பெரிய கண்ணால் சொல்ல முடியவில்லை. இனி நான் வாயைத் திறக்கவேண்டும். திறந்தால் எது வருகிறதோ அது. எதுவும் வரவில்லை. ஒரு விரலைக் காட்டினேன். ஒரு தேங்காயைக் கொடுத்தார். ரூபாயை நீட்டினேன். வெளியூர்க்காரர் விலை அறுபது காசு, உள்ளூருக்கு நாற்பத்தைந்து. மீதி என்று எட்டு ஐந்துகாசு என் கையில் விழுந்தது. எண்ணினேன். சரியாக இருந்தது. மறுபடி எண்ணினேன். நான் எப்போதும் அப்படித்தான், இரண்டு தடவை.

"டேய்" என்றார் நைனா.

இப்போதுதான் முகத்தைப் பார்த்தார். அவர் பேசியதெல்லாம் தெலுங்கு. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"சில்லறைய ரெண்டு தபா எண்ற கழுத இந்த ஊர்ல ஒண்ணுதான் கீது. நீயாடா?"

"ஆங், நைனா."

கடகடவென்று சிரித்தார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"இருவத்திரெண்டு வருசமா இங்க உக்காந்துனு கீறேன். பெத்த புள்ளைக்குத் தேங்காய தட்டிட்டேனே. நீ இன்னாத்துக்குடா ஊமையாட்டம் நின்ன?"

சொன்னேன். எட்டுக்கு எட்டு, தூங்கியவர், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டு முடித்து, "இப்ப காச எண்ணினியே, மனசுக்குள்ள எதுல எண்ணின?" என்றார்.

யோசித்தேன். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு என்றுதான் எண்ணியிருந்தேன். சின்ன வயதில் கடையில் தேங்காய் அடுக்கும்போது வாயில் ஏறிய எண்ணிக்கை. "தெலுகுலதான்" என்றேன்.

நைனாவின் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அது போதும். நீ உங்கம்மா சொல்றதயே எழுதிக்கோ, போ" என்றார். எட்டு நாணயத்தோடு மீதி அறுபதையும் கேட்டு நான் கையை நீட்டியபோது, "போடா! முருகனுக்குப் போற தேங்கா ஓசில போவக் கூடாது" என்று படுதாவை விட்டுவிட்டார்.

அம்மா நூற்றிருபதாவது படியிலோ நூற்றிருபத்தொன்றிலோ உட்கார்ந்திருந்தாள்.

"எவ்ளோ?"

"அறுவது."

"அறுவதா! எந்தப் பாவி வாங்கினான்?"

"நைனாதான்."

என்னையே பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். "பெத்த புள்ளையாண்டயே வெளியூர்க்காரன் வெலையா! இரு, வூட்டுக்கு வரட்டும்" என்றாள். ஆறு நாளில் முதல் தடவை அவரை நேராக ஏதோ கேட்கப்போகிறாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி நாலு படி ஏறும்வரை நீடித்தது.

"பாவம்டா அந்த மனுசன்" என்றாள். "கண்ணு தெரியலன்னு இன்னிக்கி பூரா சோறு எறங்காது அவருக்கு. நீ தெலுகுன்னே எழுதிடு."

"அவரு உன்னுத எழுத சொல்றாரும்மா."

"அவரு சொல்வாரு. நீ அவருத எழுது." இன்னும் பத்துப் படி ஏறினாள். "எண்றது அவரு பேச்சுல எண்ணிக்கோ. ஜுரத்துல இருவத்தோரு நாளு பொலம்பினியே, அது எதுலன்னு தெரியுமா உனக்கு?"

"எதுலம்மா?"

"சொல்ல மாட்டேன், போ."

சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டேன். கடைசி வரை சொல்லவில்லை.

ஆக, சண்டை தீர்ந்தது, கட்டம் தீரவில்லை. முன்பு இரண்டு பேரும் தன்னுடையதை எழுது என்றார்கள். இப்போது இரண்டு பேரும் மற்றவருடையதை எழுது என்கிறார்கள். எப்படிப் போனாலும் ஒருவரின் பெருந்தன்மையை நான் உண்மை என்று எடுத்துக்கொண்டு அவரை விட்டுவிடவேண்டும். முன்னதைவிட இது மோசம்.

புதன்கிழமை காலை, கட்டத்துக்குள் நுணுக்கி நுணுக்கி இரண்டையும் எழுதிக்கொண்டு போனேன். கணக்கு வாத்தியார் படிவத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இன்னாடா இது, ரெண்டு எழுதிக்கீற?"

"ரெண்டும்தான் சார்."

"ரெண்டு வாயா உனக்கு? ஒண்ணுல துன்னுட்டு ஒண்ணுல பேசுவியா?"

நாற்பத்தொரு பேரும் சிரித்தார்கள். என் மொட்டையைப் பார்த்து ஏற்கெனவே பாதி சிரித்து வைத்திருந்தார்கள். படிவம் கிழிந்தது. "ஆபீஸ்ல வேற ஃபாரம் வாங்கு, கால் ரூபா. நேத்தே கடைசி நாளு, அதுக்கு ஒரு ரூபா ஃபைன். பத்து நிமிசத்துல எழுதிக் காட்டிட்டு, மணி அடிக்கறதுக்குள்ள வூட்ல கையெழுத்து வாங்கிக்கினு வா. இல்லன்னா அடுத்த வருசம் எழுது பரீட்ச."

பத்து நிமிடம். பேனாவைத் திறந்தேன். பெயர் எழுதினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்துக் கட்டமும் எழுதிவிட்டேன். பதினொன்று. மூன்று நிமிடம் மிச்சம். பக்கத்தில் ஏகாம்பரம் தன் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். அவனும் நாள் தவறியவன்தான், மறந்துபோய். அவன் வீட்டில் நாய்கூடத் தெலுங்கில் குரைக்கும். அவன் பதினோராவது கட்டத்தைப் பார்த்தேன். தமிழ் என்று எழுதியிருந்தான்.

"டேய், நீ எப்பிடிடா?"

"எனக்கு எழுத வர்றது அதானேடா" என்றான், தலை நிமிராமல். அவன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

நானும் தமிழ் என்று எழுதினேன். பதினொரு நாள் தவித்து, தெருவைக் கேட்டு, அப்பனைக் கேட்டு, தாயைக் கேட்டு, கடைசியில் நான் யார் என்பதைப் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினேன். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பெற்றோர் கையெழுத்துக்காகக் கடைக்கு ஓடினேன். எண்ணூற்றுப் பதினாறு தப்படியை அன்று எண்ணவில்லை. நைனா தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். விரலை வைத்துக் கட்டம் கட்டமாக இறங்கினார். பதினொன்றில் விரல் நின்றது. நகர்ந்தது. அடியில் தெலுங்கு எழுத்தில் தன் பெயரைப் போட்டார். அவருக்கு எழுதத் தெரிந்தது அந்த ஒரு கையெழுத்துதான். மையை ஊதிக் காயவைத்துக் கொடுத்தார்.

"பத்திரமா எடுத்துக்கினு போங்க" என்றார், தமிழில்.

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். மாலையில் கடைக்குப் போனபோது, "அந்தக் கற்பூர டப்பாவ எடுப்பா" என்றார், தமிழில். மறுநாளும் அப்படியே. கோபமே இல்லை, அதை எத்தனையோ விதமாக உற்றுப் பார்த்துவிட்டேன். கடையில் ஒருவர் வாய் திறந்து தன் பேச்சைக் காட்டிவிட்டால், அதன் பிறகு அவரிடம் வேறு பேச்சில் பேசுவது நைனாவுக்கு மரியாதைக் குறைவு. நான் காட்டிவிட்டேன், மை காய்வதற்குள். என்னைத் தமிழ்ப் பக்கத்து வரிசையில் வைத்து, அதற்குரிய மரியாதையோடு நடத்தினார். நான் தெலுங்கில் கேட்பேன், அவர் தமிழில் பதில் சொல்வார். உள்ளுக்குள் எனக்குக் கதறவேண்டும் போல இருக்கும். அம்மா இரண்டு தடவை அவரிடம் சண்டை போட்டாள், அதில் ஒரு தடவை தெலுங்கில். அவள் பேசி நான் கேட்ட ஒரே தெலுங்கு அது. அவர் மாறவில்லை.

அப்புறம் நான் அரக்கோணத்தில் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தேன், முப்பத்தொரு வருடம். சில்லறையை மனசுக்குள் தெலுங்கில் எண்ணி, ஜன்னலுக்கு வெளியே தமிழில் கொடுத்தேன். நைனா 1986-இல் படுத்த படுக்கையானார். பக்கத்தில் உட்கார்ந்து, "நைனா, நீள்ளு காவாலா?" என்று கேட்டேன், தண்ணீர் வேண்டுமா என்று. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அன்றைக்கு முகத்தைத்தான் முதலில் பார்த்தார். "ஒண்ணும் வேணாம்பா" என்றார். பதிமூன்று வருடம், ஒரு வார்த்தை தவறவில்லை.

இப்போது மலைமேல் வரை வண்டி போகிறது. எங்கள் கடை இருந்த இடத்தில் கார்களை நிறுத்துகிறார்கள். மிச்சமிருக்கிற கடைகளில் விலையை இரண்டு எழுத்திலும் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள், யாரும் யாரையும் பார்த்துக் கூப்பிடுவதில்லை. போன கிருத்திகைக்கு அந்தத் தெருவை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மூன்று தடவை நடந்தேன். ஒருவரும் என்னைத் தமிழில் கூப்பிடவில்லை, தெலுங்கிலும் கூப்பிடவில்லை. அம்மா போய் முப்பது வருடம் ஆகிறது. ஏகாம்பரம் சென்ற மாசியில் போனான். என்னிடம் தெலுங்கில் பேச வேண்டிய ஆள் என்று இந்த ஊரில் ஒருவரும் மிச்சமில்லை.

1973-இல் அந்த ஒரு கட்டத்துக்கு ஆன செலவு: முடி இறக்கச் சீட்டு ஐம்பது காசு, இறக்கியவருக்கு இருபத்தைந்து, தேங்காய் அறுபது, இரண்டாவது படிவம் இருபத்தைந்து, அபராதம் ஒரு ரூபாய். ஆக மொத்தம் இரண்டு ரூபாய் அறுபது காசு.